சாம்பல் கேட்கும் 14 நாள்

அனல்மின் நிலையச் சாம்பலைச் சிமெண்டில் சேர்ப்பதைக் கலப்படம் என்றே வீடு கட்டுபவர்கள் பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது தவறு. முறையாகச் சேர்த்தால் சாம்பல் கான்கிரீட்டை வலுவாக்கும். ஆனால் அந்த வலு நம் கட்டடங்களுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை என்பதே என் கவலை.

சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது ஜல்லியையும் மணலையும் பிணைக்கும் பசை உண்டாகிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பும் மிஞ்சுகிறது. இந்தச் சுண்ணாம்பால் வலுவுக்குப் பெரிய பயனில்லை. கரைந்து வெளியேறினால் துளைகள்தான் மிச்சம். சாம்பலில் உள்ள சிலிக்கா இந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேலும் பசையை உண்டாக்குகிறது. துளைகள் அடைபடுவதால், கடலோரக் கட்டடங்களில் உப்பு கம்பிவரை இறங்குவது குறைகிறது. சுட்ட களிமண் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்த்து முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்தார்களே, அங்கே நடந்ததும் இதே வகை வினைதான்.

இந்த வினைக்கு அவசரம் ஆகாது. முதல் சில வாரங்களில் சாம்பல் கலந்த கான்கிரீட் வலுவில் சாதா சிமெண்ட் கான்கிரீட்டைவிடப் பின்தங்கும். 56, 90 நாட்களில் எட்டிப் பிடிக்கும், பல சமயம் முந்தும். அதற்கு ஈரம் நிலைக்க வேண்டும். அதனால்தான் ஐ.எஸ். 456 விதிநூல் சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் (ஈரம் காயாமல் நனைத்து வைத்தல்) என்றும், சாம்பல் போன்றவை சேர்ந்தால் 10 நாள் என்றும் சொல்கிறது. சாம்பல் போன்றவை சேர்ந்த கான்கிரீட்டுக்கு அதை 14 நாள் வரை நீட்டவும் பரிந்துரைக்கிறது.

நடப்பது என்ன? சாம்பல் சேர்ந்த கலவையில் சோதனைக்காக வார்த்த 150 மி.மீ. கியூப் ஆய்வகத் தொட்டியில் 28 நாள் மூழ்கிக் கிடக்கிறது. அதே கலவையில் எழுந்த பில்லரோ, சுற்றிய சாக்கு இரண்டாம் நாளே காய்ந்து, சித்திரை வெயிலில் நிற்கிறது. கியூப் தேறியதும் பில்லரும் தேறியதாகக் கணக்கு. இந்தச் சோதனையை மட்டும் நம்பிச் சாம்பலைப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதோடு, சாம்பல் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் கம்பியைக் காக்கும் காரத்தன்மையின் இருப்பும் குறைகிறது. கான்கிரீட் அடர்த்தியாக இருந்தால் பெரிய கேடில்லை. சரியாக நனையாத கான்கிரீட்டிலோ, காற்றின் கார்பன் டைஆக்சைடு வேகமாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சாம்பல் கலந்தே விற்கப்படும் பி.பி.சி. சிமெண்ட் மூட்டையிலேயே 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். அது தெரியாமல் மேலும் சாம்பல் கொட்டினால் கேடு இரட்டிப்பாகும்.

சாம்பலுக்கு ஆதரவான சுற்றுச்சூழல் வாதத்திலும் பாதிதான் உண்மை. சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரை ஒரு டன் சுட்டால் சுமார் 0.8 டன் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. கிளிங்கருக்குப் பதில் சாம்பலைச் சேர்த்து அதைக் குறைப்பது நிச்சயம் நன்மை. ஆனால் கான்கிரீட்டுக்கு ஏற்றது, புகைக்கூண்டுக்கு முன்பே வடிகட்டிப் பிடித்த, உலர்ந்த நுண்சாம்பல். எண்ணூர்ப் பகுதியில் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது தண்ணீரோடு கலந்த சாம்பல். அதில் கரடான துகள்களும் ஈரமும் அதிகம், தரமும் சீராக இராது. அதே பகுதியில் உள்ள செப்பாக்கம் கிராம மக்களின் வாழ்வைக் கெடுத்த சாம்பல் குளத்தைச் சிமெண்ட் ஆலைகள் காலி செய்துவிடும் என்று சொல்வது அவர்களுக்குத் தரும் பொய் ஆறுதல்.

சாம்பல் சிமெண்டை ஒதுக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. பெரிய பணிகளில் 56 நாள் சோதனையையும், கட்டடத்திலேயே கியூரிங் நடந்ததற்கான பதிவையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வீடு கட்டுகிறவர்களே, மூட்டையில் பி.பி.சி. என்று இருந்தால் சென்ட்ரிங் பிரிக்கும் நாளைப் பொறியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தளத்தில் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். பில்லரில் சுற்றிய சாக்கைத் தினமும் தொட்டுப் பாருங்கள்.