கூண்டுக்குள் 45

சாதா சுடோகு அலுத்துப்போனவர்களுக்கு ‘கில்லர் சுடோகு’. (பெயர் கொஞ்சம் ஓவர்.) லண்டன் ‘டைம்ஸ்’ இதை 2005-ல் போட ஆரம்பித்தது. ஜப்பானில் தொண்ணூறுகளிலேயே உண்டு. முதல் பார்வையில் வயிற்றைக் கலக்கும். 81 கட்டங்களில் பெரும்பாலும் ஒரு எண்கூட இருக்காது. பதிலாக, புள்ளிக்கோட்டுக் கூண்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கூட்டுத்தொகை. கூண்டுக்குள் ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது. மற்றதெல்லாம் பழைய விதிகள்தான்.

சூட்சுமம் 45-ல் இருக்கிறது. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எனவே எந்த வரிசையும், எந்தச் சின்னச் சதுரமும் 45. ஒரு சதுரத்தில் எட்டுக் கட்டங்களைச் சில கூண்டுகள் சரியாக அடைத்து, அவற்றின் மொத்தம் 38 என்றால் மிச்சக் கட்டத்தில் 7. வெறுங்கையில் ஒரு எண்! இந்தக் கணம்தான் சாதா சுடோகுவில் கிடையாது.

இரண்டு கட்டத்தில் 17 என்றால் 8, 9. வேறு வழியில்லை. 10 என்றால் நாலு வழி. இவற்றையெல்லாம் அட்டவணை போட்டுப் புத்தகங்களில் கொடுத்துவிடுகிறார்கள், கோனார் நோட்ஸ் மாதிரி. வாங்கினதும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

என் நிஜமான கோபம் வேறு. கம்ப்யூட்டர் துப்பும் சில ‘மகா கஷ்ட’ புதிர்களில் எந்தத் தர்க்கமும் புலப்படாது. ஒரு எண்ணைப் போட்டு, எங்கேயாவது இடிக்கிறவரை போய், அழித்து, அடுத்ததைப் போட்டு... அது குமாஸ்தா வேலை. ‘நிகோலி’க்காரர்கள் இன்னும் சுடோகுவைக் கையால் செய்கிறார்கள். இரண்டையும் போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் வித்தியாசம் தெரியும். பென்சில் உத்தமம்.