தம்புரா, பெட்டி, செயலி: சுருதி எதில் நிற்கிறது?

திருப்பனந்தாள் பக்கத்தில் நாதஸ்வரம் என்றால் ஒத்து ஊத ஒருவர் கூடவே இருப்பார் என்பது பழைய வழக்கம். விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும் அந்த வேலையை இன்று பெரும்பாலும் சுருதிப் பெட்டி செய்கிறது. வீட்டில் சாதகம் செய்கிறவர்களுக்குக் கைபேசிச் செயலியே போதும் என்றாகிவிட்டது. மரத் தம்புரா, எலெக்ட்ரானிக் தம்புரா, செயலி மூன்றையும் ஒரே கட்டையில் வைத்துக் கேட்டேன். டிஜிட்டல் கருவியிலும் நல்ல சுருதி உண்டு. அதை வாங்கும் விதம் தெரிய வேண்டும்.

மரத் தம்புரா

தஞ்சாவூர்த் தம்புரா பலா மரத்தில் ஆனது. பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்திகள். லேசாக வளைந்த குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் இருக்கும். நூலை மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் தந்தி குதிரையை உரசியும் உரசாமலும் அதிரும். அங்கேதான் ஜீவா பேசும். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் இதை ஆராய்ந்து எழுதினார். மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் கேட்கின்றன என்று காட்டினார்.

குறை, பராமரிப்புதான். ஐப்பசி மழையில் தந்தியை முறுக்கும் பிருடை ஊறி இறுகும். சித்திரை வெயிலில் நழுவும்.

எலெக்ட்ரானிக் பெட்டி

பெங்களூரில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970-களின் இறுதியில் எலெக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். பழைய பெட்டிகள் மின்சுற்றால் ஒலியை உண்டாக்கின. பிந்தியவை நிஜத் தம்புராவின் பதிவை ஒலிக்கின்றன. புன்னாகவராளி, செஞ்சுருட்டி போன்றவற்றை மத்யம சுருதியில் பாடும்போது பஞ்சமத்தை மத்யமத்துக்கு மாற்ற ஒரு திருகல் போதும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும் பெட்டிகள் உண்டு.

நாதஸ்வரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஊத ஊதக் குழல் சூடேறிச் சுருதி சற்று மேலே போகும். ஒத்துக்காரர் காதால் கேட்டுக் கூடவே ஏறுவார், பெட்டி ஏறாது. ஆலாபனை முடிந்ததும் நுண்சுருதித் திருகைத் தொட்டுச் சரிபார்ப்பது நல்லது. பாரி என்னும் நீண்ட நாதஸ்வரத்தின் முழக்கத்தில் பெட்டியின் சொந்த ஒலிபெருக்கி காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயரில் இணைத்தே தீர வேண்டும்.

செயலி

ஐதப்லாப்ரோ போன்ற செயலிகளின் பதிவுகள் மிகத் தெளிவானவை. கெடுப்பது கைபேசியின் ஒலிபெருக்கி. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்குச் சாரணை சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தரம் சுமார் 65. அந்த 65-ஐ இவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது. அடிநாதம் நன்றாக வரும் ஸ்பீக்கரோடு இணைத்தவுடன் அதே செயலி வேறு கருவியாகிவிடுகிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரும் போதும். ஒலி சற்றுத் தாமதமாக வந்தாலும் சுருதிக்குக் கெடுதல் இல்லை.

பதிவான கட்டையிலிருந்து வெகுதூரம் ஏற்றி இறக்கினால் நாதத்தின் குணம் மாறும். ஆகவே ஆண், பெண் குரல்களுக்குத் தனித்தனித் தம்புரா தரும் செயலியே மேல். சாதகத்தின்போது ஃபிளைட் மோடில் வையுங்கள். அழைப்பு வந்து சுருதியை அறுக்காது.

நல்ல நாதம் பெற

முதலில் சட்ஜத்தைக் குரலுக்குச் சேர்க்க வேண்டும். பிறகு பஞ்சமத்தை மெதுவாகத் திருகி, இரண்டுக்கும் நடுவே எழும் அலை அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். 3:2 என்ற விகிதம் கூடுவது அங்கேதான். மீட்டும் வேகத்தைக் குறைத்து, ஒலியைக் குரலுக்கு ஒரு படி கீழே வைத்தால் பெட்டியின் இயந்திரத்தன்மை பெருமளவு மறையும்.

மேற்கே ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவைப் பேணுகிறவர்களுக்கும் இதே பாடுதான். அதன் பழைய வரிசை 1984-இல் நின்றது. சுத்தியல் பட்டு அதிரும் எஃகுக் கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைத் திருகித் திருகித்தான் அதன் குரலை அமைக்கிறார்கள். மென்பொருளில் அதே குரலை எடுக்கவும் காதுதான் வழிகாட்டி.

யாருக்கு எது?

கோயிலுக்கும் மேடைக்கும் பெட்டி. தனிச் சாதகத்துக்கும் பயணத்துக்கும் செயலியும் நல்ல ஸ்பீக்கரும். பாட்டு கற்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மரத் தம்புரா ஒன்று அவசியம் வேண்டும். திருகைத் திருப்பினால் சுருதி கிடைத்துவிடும். அது சேர்ந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் காது, நூலையும் பிருடையையும் கையாண்டு பழகினால்தான் வளரும். அப்படி வளர்ந்த காது பெட்டியிலும் செயலியிலும் நல்ல நாதத்தை எடுத்துக்கொள்ளும். பாட்டு வகுப்பு நடத்துகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அந்தத் தம்புராவைத்தான்.