அறை வாடகையும் இட்டிலி வரியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர், வரிப்பதிவு பெற்ற சாதாரண ஓட்டலில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டால், பில்லின் அடியில் மத்திய வரி இரண்டரை சதவீதமும் மாநில வரி இரண்டரை சதவீதமும் ஏறி, 210 ரூபாயோடு கணக்கு முடிகிறது. பூந்தமல்லிக்கு அப்பால் நெடுஞ்சாலையோரத்து உல்லாச விடுதியில் அதே தொகைக்குச் சாப்பிட்டால் 236 ரூபாய் கொடுக்க நேரலாம். இதற்குக் காரணம் பண்டமும் அன்று, பரிமாறும் நேர்த்தியும் அன்று. அந்த வளாகத்தின் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டியதே காரணம்.

ஓட்டலில் உணவு பரிமாறுவது விற்பனையாகாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், அரசியல் சாசனத்தின் 46-ஆவது திருத்தத்தால் 1982-ல் அது மீண்டும் வரிக்குள் கொண்டுவரப்பட்டதையும் நோக்கினால், வரி விதிக்கும் அதிகாரம் பற்றிய விவாதம் என்றோ தீர்ந்துவிட்டது; எதை அளவுகோலாகக் கொள்வது என்பதே இன்றைய பிரச்சினை.

2017 ஜூலையில் குளிர்சாதன வசதியில்லாத ஓட்டலுக்கு 12, உள்ளதற்கு 18 என்றிருந்ததை, அவ்வாண்டு நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதமாக்கியது சாமானிய மக்களுக்குச் செய்த மெய்யான உபகாரம். ஆனால் கடைக்காரர் கடை வாடகைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் கட்டிய 18 சதவீதத்தை இனிக் கழித்துக்கொள்ள முடியாது என்ற நிபந்தனையும் உடன் வந்ததால், அச்சுமை தோசையின் விலைக்குள் புகுந்துகொண்டது. பில்லில் தெரிவது ஐந்து. உண்பவர் சுமப்பது அதனினும் அதிகம்.

விடுதிகளின் விஷயத்தில், அறிவித்த வாடகையை விட்டு, வாங்கிய வாடகையையே 2025 ஏப்ரல் முதல் கணக்கில் கொள்வது நியாயமான திருத்தம். எனினும் முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறை ஒரே ஒரு நாள், புத்தாண்டு இரவு என்றே வைத்துக்கொள்வோம், 7,500 ரூபாய் வரம்பைக் கடந்து விலைபோயிருந்தாலும், மறு ஆண்டு முழுதும் அங்குள்ள உணவகத்துக்கு 18 சதவீதந்தான். செல்வர் செல்லும் இடம், கொடுக்கட்டுமே என்பார்கள். அங்கே உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை உண்டே என்றும் சொல்வார்கள். அந்தச் சலுகை முதலாளியின் கணக்கில் சேருவது. அதற்கேற்ப உணவின் விலை குறைந்தாலன்றி, ஆவடியிலிருந்து குழந்தைகளோடு ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் போனவருக்கு அதனால் லாபமில்லை. தங்குபவரின் அறைக் கணக்கில் சேரும் உணவுக்கு 18 வைத்து, வெளியிலிருந்து வந்து உண்பவருக்கு 5 வைக்கலாம். உள்ளீட்டு வரியை விகிதப்படி பிரித்துக் கணக்கிடும் முறை சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதால், இதற்கெனப் புது ஏற்பாடு பெரிதாக எதுவும் வேண்டியதில்லை.