துங்குவின் ஆட்சிக்காலமும் நிகழ்ச்சிப் பட்டியலும்: ஒரு மறுநோக்கு

மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானின் ஆட்சிக்காலம் பற்றிய எழுத்துகளில் ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் நிலைபெற்றுவிட்டது. 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை, 1960இல் அவசரகால முடிவு, 1963இல் மலேசிய உருவாக்கம், 1965இல் சிங்கப்பூரின் பிரிவு, 1969இல் மே 13 கலவரம், 1970 செப்டம்பரில் பதவி விலகல் என அது அமையும். இதில் பிழையேதும் இல்லை. எனினும், இப்பட்டியல் எதனை விட்டுவிடுகிறது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

இந்நிகழ்ச்சிகள் யாவும் நாள் குறிக்கத்தக்கவை. நாள் குறிக்க இயலாத மாற்றத்திற்கு இப்பட்டியலில் இடமில்லை. தோட்டத் துண்டாடல் அத்தகையது. நாடு விடுதலையை நோக்கி நகர்ந்த காலத்தில் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தத்தம் இரப்பர்த் தோட்டங்களை விற்கலாயினர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டத் தமிழ்ப்பள்ளியும் நிலைகுலைந்தது.

இம்மாற்றம் அக்காலத்தவர் கண்ணுக்குப் புலப்படாததன்று. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றிய உங்கு அசீசின் ஆய்வு வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1960இல், அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைப் பங்குத்தொகையாக்கினர். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதற்கொள்முதலாயிற்று. பால்வெட்டியவர்களே தோட்ட உடைமையில் பங்கு கொண்ட இந்நிகழ்ச்சி பொதுப்பட்டியலில் இடம்பெறுவது அரிது.

நாள் குறித்த நிகழ்ச்சியும் உரிய பின்விளைவுகளோடு காட்டப்படுவதில்லை. 1957இன் அரசியலமைப்பு, விடுதலை நாளிலும் அதன் பின்னரும் இந்நாட்டில் பிறந்தோர்க்குப் பிறப்புவழிக் குடியுரிமை அளித்தது. முன்னரே பிறந்தோருள் பலரும் புலம்பெயர்ந்து வந்தோரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறிவும் ஆவணங்களும் வழிகாட்டலும் அரிதாயிருந்த தோட்டப்புறத்தில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டனர். குடியுரிமையற்றோர்க்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, அந்த அட்டையின் நிறமே அவர்தம் பிழைப்பைத் தீர்மானித்தது. பலர் தமிழகம் திரும்பினர். 1957ஐயும் 1969ஐயும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பயிலும் மாணவர்க்கு இவ்விரண்டையும் இணைக்கும் இச்சரடு புலனாவதில்லை.

இக்குறை பிறரிடம் மட்டுமே உள்ளதென்று கூறுவது நேர்மையாகாது. துங்குவின் காலத்தைத் தமிழராகிய நாம் நினைவுகூரும்போது, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் அவர் தொடங்கிவைத்த முதல் உலகத் தமிழ் மாநாட்டையே முதலில் குறிப்பிடுகிறோம். அப்பெருமை நமக்கு உரியதே. ஆயினும், தமிழாய்வு உலக அரங்கேறிய அதே ஆண்டுகளில்தான் தோட்டத் தமிழர் வாழிடம் இழந்து கொண்டிருந்தனர். விழாவை நினைவில் வைத்து வெளியேற்றத்தை மறந்தமையால், நம் பட்டியலும் பொதுப்பட்டியலின் இயல்பையே பெற்றுவிட்டது.

தலைவரின் ஆட்சிக்காலத்தை வரலாற்றின் அலகாகக் கொள்வதில் பயன் உண்டு. முடிவுகளை எடுத்தவர் யார், பொறுப்பு யாருடையது என்பதை அது தெளிவாக்கும். ஆனால், துண்டாடல் 1957க்கு முன்னரே தொடங்கியது. அதன் விளைவுகள் 1970க்குப் பின்னும் நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளில் தொடர்ந்தன. ஆகவே, ஆட்சிக்கால வரையறை இங்குப் போதாது.

ஆசிரியர்கள் இப்பட்டியலைக் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டிற்கும் எதிரே, அவ்வாண்டில் தம் குடும்பம் எங்கு வாழ்ந்தது, எந்நிற அடையாள அட்டையை வைத்திருந்தது என்பதை மாணவர் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். அச்செய்திகளைக் கூறவல்ல தலைமுறை குறைந்துகொண்டே வருகின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.