நாடி தப்பியவர்களைத் தேடிப் போகலாமா?

அறுபது தாண்டிய எல்லோருக்கும் ஊர் ஊராகப் போய் ஈசிஜி எடுத்துவிட்டால் பக்கவாதம் பெருமளவு குறைந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆய்வுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை.

முதலில் வாதத்தின் பலம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கும். அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அந்த ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கும். பலருக்கு அறிகுறியே தெரியாது. அப்போ தேடிப் பிடிப்பதுதானே சரி?

ஓட்டை இங்கேதான். அந்த எண்கள் பெரும்பாலும் சாதாரண ஈசிஜியிலேயே மாட்டியவர்களிடமிருந்து வந்தவை. கருவி வைத்துத் துருவித் துருவிக் கண்டுபிடித்தவர்களுக்கும் அதே ஆபத்து, அதே பலன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டென்மார்க்கின் லூப் ஆய்வில் (2021), 70 முதல் 90 வயதுக்காரர்கள் சுமார் 6,000 பேரில் கால்வாசிப் பேருக்குத் தோலுக்கடியில் கருவி வைத்துக் கண்காணித்தார்கள். அவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு இது பிடிபட்டது, மற்றவர்களில் 12.2. கண்டுபிடிப்பு இரண்டரை மடங்கு! ஆனால் பக்கவாதமும் ரத்தக்கட்டி அடைப்பும் 5.6-லிருந்து 4.5 சதவீதம்தான் ஆனது. பெரிய ரத்தக்கசிவு 3.5-லிருந்து 4.3 ஆனது. இரண்டு வித்தியாசங்களுமே தற்செயலாக வந்திருக்கலாம் என்பதைத் தாண்டவில்லை.

ஸ்வீடனின் ஸ்ட்ரோக்ஸ்டாப் (2021) கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 75, 76 வயதுக்காரர்கள் சுமார் 28,000 பேர். பாதிப் பேரைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள், அவர்களிலும் பாதிதான் வந்தார்கள். ஏழு ஆண்டுகளில் பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, மரணம் எல்லாம் சேர்த்து 33.0-லிருந்து 31.9 சதவீதம். ஆயிரம் பேரை அழைத்தால் 11 பேருக்கு நன்மை. சின்னதுதான், ஆனால் இருக்கிறது. இதற்குப் பிறகும், 2022-இல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு சான்று போதாது என்றே சொன்னது.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் சேஃப் ஆய்வு (2007). 65 தாண்டியவர்களில் ஒரு குழுவில் எல்லோரையும் ஈசிஜிக்கு அழைத்தார்கள். இன்னொரு குழுவில், வேறு வேலையாக டாக்டரிடம் வரும்போது நாடி பிடித்துப் பார்த்து, சீரில்லை என்றால் மட்டும் ஈசிஜி. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு நோயாளிகள் கிடைத்தார்கள். விரலுக்குச் சிக்குவது பெரும்பாலும் நீடித்து இருக்கும் வகை. அந்த வகைக்கு மாத்திரை உதவும் என்பது உறுதியாகத் தெரியும்.

இந்தியாவிலும் தேடியிருக்கிறார்கள். குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில், 50 தாண்டிய சுமார் 350 பேரை மொபைல் கருவியால் பார்த்ததில் 5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆனால் அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கணக்கு. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு இல்லை.

நரிக்குடிப் பக்கம் இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வார்ஃபரின் சாப்பிட்டால் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்யணும். ஒவ்வொரு முறையும் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறணும் என்றால், காட்டு வேலையை விட்டுட்டு எத்தனை பேர் போவாங்க? அது தேவைப்படாத புது மாத்திரைகள் உண்டு. ஆனால் வாத காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான். இதோடு மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் செட் மாத்திரை. வலி மாத்திரையும் ரத்தம் உறையாத மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

அதனால் ஈசிஜி முகாம் திருவிழா வேண்டாம் என்பேன். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். 65 தாண்டியவர்களுக்கு அதே நேரத்தில் அரை நிமிஷம் மணிக்கட்டில் விரல் வைத்தால் போதும். தப்பினால் ஈசிஜி. உறுதியானால், மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கணும். இந்தக் கடைசிப் படியைக் கட்டாமல் முதல் படியை மட்டும் அகலப்படுத்தினால், ஊரில் நோயாளிகளின் எண்ணிக்கைதான் கூடும்.