நாடுகளைக் கட்டும் நூல்

மன்னனைத் தட்டிக் கேட்க எவர் உளர் என்ற கேள்வி பழையது. நாடுகளைத் தட்டிக் கேட்க எந்த நூல் உளது என்ற கேள்வி அதனினும் கடினமானது. சட்டக் கல்லூரி மாணவரைக் கேளுங்கள். தயங்காமல் ஒரு நூற்பாவை ஒப்பிப்பார். பன்னாட்டு நீதிமன்றத்தின் அமைப்புச் சட்டம், பிரிவு 38! உடன்படிக்கைகள், வழக்காறு, நாகரிக நாடுகள் ஏற்ற பொது நெறிகள், இவற்றுக்குத் துணையாகத் தீர்ப்புகளும் அறிஞர் நூல்களும். இவையே பன்னாட்டுச் சட்டத்தின் ஊற்றுகள் என்பார். தேர்வுக்கு அது போதும். நமக்குப் போதாது. தொல்காப்பியத்துக்கு உரை கண்டோர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி விசாரித்தது போல, இந்த நூற்பாவையும் நிறுத்தி விசாரிக்க விழைகிறோம்.

முதலில் நம் கண்ணை உறுத்தும் சொல் 'நாகரிக நாடுகள்' என்பது. எவர் நாகரிகர்? எவர் அல்லர்? அளந்து சொன்னவர் யார்? 1920இல் ஹேக் நகரில் கூடிய பத்துச் சட்ட அறிஞர்கள் இந்த வாசகத்தை வடித்தனர். ஆசியாவிலிருந்து அங்கே அமர்ந்தவர் ஜப்பானியர் ஒருவரே, ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவருமில்லை. 1945இல் புதிய நீதிமன்றம் பிறந்தபோதும் அச்சொல் அழியவில்லை. பேரரசுகள் சரிந்தன; சொல் சரியவில்லை! 1969இல், வடகடல் வழக்கில், லெபனான் நாட்டு நீதிபதி அம்மூன் தம் தனித் தீர்ப்புரையில் அதைக் கண்டித்தார். ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2023இல் வகுத்த வரைவில் 'நாடுகளின் சமூகம்' என்றே எழுதியது. ஆயினும் மூல நூலில் பழைய சொல் இன்றும் கிடக்கிறது. வீட்டை வெள்ளையடித்தவர்கள் வாயிற்பலகையை மட்டும் மாற்ற மறந்தது போல.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம். அதைக் காண ஹேக் செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் போதும். திருப்பெரும்புதூர் என்று நாம் எழுதுகிறோம். ஸ்ரீபெரும்புதூர் என்று பலகையில் இருக்கிறது. இராமானுசர் பிறந்த ஊர். அதையடுத்து ஒரகடம். ஏரிகளுக்கிடையே ஆலைகள் முளைத்த நிலம்.

ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலை அமைக்க 2008இல் ரெனோ - நிசான் கூட்டு நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. வரித் திருப்பம் முதலிய ஊக்கங்கள் தரப்படும் என்பது அதன் உட்பொருள். 2010இல் ஆலை திறக்கப்பட்டது. பின்னர், தரவேண்டிய தொகை தரப்படவில்லை என்றது நிசான். வழக்கமாக இத்தகைய பூசல் எங்கே போகும்? உயர்நீதிமன்றத்துக்கு. ஆனால் 2011 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்திருந்த இந்திய - ஜப்பானிய பொருளாதார உடன்படிக்கையைக் கையில் எடுத்தது நிறுவனம். 2016இல் இந்திய அரசின் மீதே நடுவர் வழக்குத் தொடுக்க முனைந்தது. கேட்ட தொகை ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய்! நடுவர் மன்றத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று வாதிட்டது இந்தியா. 2019 ஏப்ரலில் அந்தத் தடையுரைகளை மன்றம் பெருமளவு ஏற்கவில்லை. 2020இல் இருதரப்பும் சமரசமாக முடித்துக்கொண்டன.

இங்கே நின்று நோக்க வேண்டும். வாக்களித்தது சென்னை, வழக்கில் நின்றது தில்லி. ஏன்? பன்னாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு மாநிலம் என்றோர் உயிர் தெரிவதில்லை. மாநிலம் செய்வதும் நாடு செய்ததே என்பது அதன் துணிபு. 2001இல் ஆணையம் வகுத்த அரசுப் பொறுப்பு விதிகள் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன. 1999இல் லாகிராண்ட் வழக்கில், மரண தண்டனையை நிறுத்தி வைக்கச் சொன்ன பன்னாட்டு நீதிமன்றம், அமெரிக்க நாட்டின் கடமை அரிசோனா ஆளுநரையும் கட்டும் என்றது. ஆணை வந்த நாளிலேயே அம்மனிதர் கொல்லப்பட்டார் என்பது வேறு கதை. ஆணை கட்டும் ஆற்றலுடையது என்பதை 2001 தீர்ப்பு உறுதி செய்தது, உயிர் திரும்பவில்லை.

பொறுப்பில் மாநிலத்துக்குப் பங்குண்டு. உடன்படிக்கை எழுதும் மேசையில் இடமுண்டா? நம் அரசியல் சட்டம் ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை மத்தியப் பட்டியலில் வைத்தது. 253ஆம் பிரிவோ, அதை நிறைவேற்ற மாநிலப் பொருள்களிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. மாநிலத்தைக் கேட்டாக வேண்டும் என்ற விதி எங்குமில்லை. கையெழுத்து ஒருவருடையது, சுமை இருவருக்கும். இதனைக் கூட்டாட்சி என்பது எப்படிப் பொருந்தும்?

வழக்காறு என்னும் ஊற்று இன்னும் வியப்பானது. நாடுகள் நெடிது செய்துவருவது மட்டும் போதாது. கடமை என்று உணர்ந்து செய்திருக்க வேண்டும். அவ்வாறு முதிர்ந்தபின், கையொப்பமிடாத நாட்டையும் அது கட்டும். உடன்படிக்கைகளுக்கு இலக்கணம் கூறும் 1969 வியன்னா ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆயினும் செய்த ஒப்பந்தத்தைக் காக்க வேண்டும், உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டித் தப்பக் கூடாது என்னும் அதன் விதிகள் வழக்காறாகவே இந்தியாவைக் கட்டுகின்றன.

இனி ஆலைக்குள் நுழைவோம். விடியுமுன் நிறுவனப் பேருந்தேறி ஒரகடம், சுங்குவார்சத்திரம் நோக்கிச் செல்லும் இளம்பெண்களுக்குப் பன்னாட்டுச் சட்டம் என்ன தந்தது? ஒன்று தந்தது. பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. அதைத் துணைக்கொண்டு 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக நெறிமுறை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டமியற்றியது 2013இல். பதினாறு ஆண்டுகள் அந்நெறிமுறையே வேலி. இதை மறைப்பது நேர்மையன்று.

ஆனால் சங்கம்? 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கோரிக்கைகளில் முதன்மையானது சங்கத்துக்கு ஏற்பு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது போராட்டம். நிறுவனத்தின் பெயரைச் சங்கம் தாங்கலாமா என்ற எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2025 சனவரியில்தான் 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கிடைத்தது.

சங்கம் அமைக்கும் உரிமைக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1948இல் 87ஆம் உடன்படிக்கையும், கூட்டுப் பேரத்துக்கு 1949இல் 98ஆம் உடன்படிக்கையும் தந்தது. 1919இலேயே அவ்வமைப்பில் உறுப்பான இந்தியா, இரண்டையும் இன்றுவரை ஏற்கவில்லை. அரசு ஊழியர்க்குள்ள பணிவிதிகள் இடந்தரா என்பது சொல்லப்படும் காரணம். அரசு ஊழியர் விதிக்கும் குளிர்பெட்டி ஆலைத் தொழிலாளிக்கும் என்ன தொடர்பு? ஏற்காவிடினும், உறுப்பு நாடு என்பதாலேயே இவ்வுரிமைகளை மதிக்கக் கடமைப்பட்டது என்கிறது 1998 சாற்றுரை. சங்க உரிமைக் குழு 1951 முதல் முறையீடுகளைக் கேட்டும் வருகிறது. கேட்கும், பரிந்துரைக்கும். 5,000 கோடிக்குத் தீர்ப்பெழுதும் ஆற்றல் அதற்கில்லை.

ஒரே தொழில் வட்டாரம். முதலீடு செய்தவர்க்கு, நாட்டையே எதிர்வழக்காடச் செய்யும் நடுவர் மன்றம். உழைப்பவர்க்கு, விண்ணப்பம் பெறும் குழு. முன்னதும் உடன்படிக்கை, பின்னதும் உடன்படிக்கையின் வழி வந்ததே. 38ஆம் பிரிவு இரண்டையும் ஒரே வரியில் அடக்குகிறது. எதற்குப் பல் உண்டு, எதற்கு இல்லை என்று சொல்லவில்லை. பல்லை வைப்பவர் ஒப்பமிடும் அரசினர். 2011இல் ஜப்பானோடு ஒப்பமிட்ட அதே தில்லி, 87, 98 என்ற இரண்டு தாள்களின் முன் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேனாவை மூடி வைத்திருக்கிறது.