குடத்துக்குள் யார் பெயர்? தேர்தல் பற்றிய ஆங்கிலப் பயிற்சித் தாள்கள்

ஆங்கில வாசிப்புப் பயிற்சித் தாள்களில் தவறாமல் வரும் தலைப்பு தேர்தல். அச்சிட்ட புத்தகமோ, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாளோ, அமைப்பு ஒன்றுதான். இருநூறு சொற்களில் ஒரு பத்தி. அதன்கீழ் பேலட், கேண்டிடேட், கேம்பெய்ன், மெஜாரிட்டி என்று பத்துச் சொற்கள், எதிரே பொருள். அப்புறம் பொருத்துக, கோடிட்ட இடம் நிரப்புக, சரியா தவறா. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்து மாணவர்கள் சிலருக்குக் கொடுக்கலாமே என்று இப்படிப்பட்ட தாள்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் படித்து வருகிறேன். அவற்றைப் பற்றிய விமர்சனக் குறிப்பு இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். பத்தி சின்னதாக இருப்பதால் பயம் போகிறது. ஒரே சொல் பத்தியிலும் பயிற்சியிலும் நாலைந்து முறை திரும்ப வருவதால் மனதில் உட்காருகிறது. இலக்கணத்தை முன்னால் நிறுத்தி மிரட்டுவதில்லை. இதெல்லாம் சின்ன விஷயமில்லை. வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைக்கு இந்த ஒழுங்கு தேவை.

குறை எங்கே என்றால், பத்தி நடக்கிற இடம். பெரும்பாலும் ஏதோ ஒரு ஊரில் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் பூங்கா கட்டுவேன் என்பார், இன்னொருவர் வரியைக் குறைப்பேன் என்பார். நம் பிள்ளைகளுக்குத் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாது என்று நினைத்து எழுதியது போல இருக்கும். உண்மையில் ஆங்கிலச் சொற்கள் அவர்களிடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் துறை இது. பூத், பூத் சிலிப், நாமினேஷன், ஏஜென்ட், ரவுண்டு, லீடிங், ரீகவுண்டிங், நோட்டா. "அந்த ஆளுக்கு டெபாசிட்டே போச்சு" என்று டீக்கடையில் கேட்காத பிள்ளை உண்டா? ஆனால் பயிற்சித் தாளில் டெபாசிட் என்றால் வங்கியில் பணம் போடுவது. சட்டமன்றத் தேர்தலுக்குப் பொதுப் பிரிவினர் 10,000 ரூபாயும், மக்களவைக்கு 25,000 ரூபாயும் கட்டவேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி, தோற்றவர் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் திரும்பாது. இதை எளிய ஆங்கிலத்தில் ஐந்து வரியாக எழுதினால் ஒரு நல்ல பத்தி கிடைக்கும். அரைகுறையாகத் தெரிந்த சொல் முழுசாகத் தெரிய வரும்போதுதான் படிக்கிறவருக்கு "அட!" என்று இருக்கும்.

இரண்டாவது குறை, சொல்லுக்குப் பதில் சொல் கொடுப்பது. போல் என்றால் வாக்குப்பதிவு, ரிட்டர்னிங் ஆபீசர் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர். முடிந்தது. ஆனால் அவர் எங்கே ரிட்டர்ன் ஆகிறார் என்று ஒரு பிள்ளை கேட்டால்? இங்கிலாந்தில் தேர்தல் நடத்தச் சொல்லி ஓர் ஆணை வரும். தேர்வானவர் பெயரை எழுதி அதைத் திருப்பி அனுப்புகிறவர் என்பதால் அந்தப் பெயர். போல் என்பதற்கு ஆதியில் தலை என்று பொருள், அதாவது தலை எண்ணுவது. நம் தலைவரிக்கு ஆங்கிலத்தில் போல் டாக்ஸ் என்று பெயர் வந்தது அதனால்தான். பேலட் என்பது இத்தாலியில் போட்ட சின்ன உருண்டை. ரோமில் பதவி கேட்டு வருகிறவர் வெளுத்த வெள்ளை அங்கி அணிந்து வருவார், வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே கேண்டிடேட். நம் ஊர் வெள்ளை வேட்டியை நினைத்தால் சிரிப்பு வருகிறது இல்லையா! தமிழில் அந்தக் காலத்து அபேட்சகரும் சரி, இன்றைய வேட்பாளரும் சரி, விரும்பி வருகிறவர் என்றுதான் பொருள். ஆங்கிலம் உடையைப் பார்த்தது, தமிழ் ஆசையைப் பார்த்தது.

இது வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்வதல்ல. மாமல்லபுரத்தில் அதிகம் படிக்காத வழிகாட்டிகூட மோனோலித் என்ற சொல்லைத் தடுமாறாமல் சொல்வார். ஐந்து ரதங்களைக் காட்டிக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார், ஒரே கல் என்பது கண்ணுக்கு எதிரே நிற்கிறது. பொருள் எதிரே இருந்தால் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தேர்தல் சொற்களுக்கு அப்படி எதிரே நிற்கவேண்டியது நடைமுறை. யார் செய்கிறார், எதில் போடுகிறார், யார் எண்ணுகிறார் என்பது.

மூன்றாவது குறைதான் என்னை எழுத வைத்தது. பாடத்தை உள்ளூர்ப்படுத்தலாம் என்று யாராவது நினைத்தால் உடனே கை போவது உத்திரமேரூர் பக்கம். செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை இரண்டும் ஒரே மாவட்டம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் இருக்கின்றன. இதை வைத்து எழுதப்படும் ஆங்கிலப் பத்திகள் பெரும்பாலும், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மக்கள் ஓட்டுப் போட்டுத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பாணியில் போகின்றன. வோட், எலெக்ட், டெமாக்ரசி மூன்றும் தடித்த எழுத்தில் இருக்கும்.

கல்வெட்டு சொல்வது வேறு. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்கவேண்டும். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். (மின்வாரியம் என்று இன்று சொல்கிறோமே, அதே வாரியம்தான்.)

இதில் ஓட்டு எங்கே இருக்கிறது? இது குலுக்கல். ஆங்கிலத்தில் சரியான சொல் லாட். அதிலிருந்து வந்தவைதான் லாட்டரியும் அலாட்மென்ட்டும், இரண்டும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய சொற்கள். ஏதென்ஸிலும் பல பதவிகளுக்குக் குலுக்கல்தான். அதை மட்டம் என்று சொல்ல வரவில்லை. விரித்த உள்ளங்கையைப் பாருங்கள், ஓலையை மாற்றிவைக்க வழியில்லை. குலுக்கலில் காசு கொடுத்து ஆதரவு வாங்கவும் முடியாது. இன்றைய சட்டத்திலும் குலுக்கல் உயிரோடு இருக்கிறது. இரண்டு வேட்பாளர்கள் சமமான வாக்கு வாங்கினால் தேர்தல் நடத்தும் அலுவலர் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

வோட் என்று எழுதிவிட்டால் நஷ்டம் ஒரு சொல்லோடு போகாது. வோட் என்றதும் ஊரே வரிசையில் நிற்கும் காட்சி மனதில் வந்துவிடுகிறது. லாட் என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்: குடத்துக்குள் யார் பெயர் இருந்தது? கல்வெட்டே பதில் சொல்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்கவேண்டும். அதிகம் கற்றவருக்கு நிலத்தில் கொஞ்சம் சலுகை. முந்தைய மூன்று ஆண்டு வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இல்லை. கடைசி இரண்டும் இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும் விதிகள். ஆனால் உத்திரமேரூர் பிரம்மதேயம், பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். அந்த நிலத்தில் இறங்கி உழுதவர் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ குடத்துக்குள் விழ வாய்ப்பே இல்லை.

இன்று அதே உத்திரமேரூர், செங்கல்பட்டு, மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் மூன்றும் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. அது பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. ஆங்கிலத்தில் ரிசர்வ்டு. அந்தச் சொல்லை ரயில் சீட்டோடு மட்டும் தெரிந்து வைத்திருக்கும் மாணவிக்கு இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். அகராதி தேவைப்படாது. அவள் படிக்கிற பத்தியில் அவளுடைய ஊர் இருக்கிறது, ஒருவேளை அவள் தாத்தாவின் கதையும் இருக்கிறது. "ஆயிரம் ஆண்டுப் பெருமை" என்று பூசி மெழுகிய பத்தியில் அந்த மாணவிக்கு எந்த இடமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு, எந்தத் தாளிலும் நான் பார்க்காதது. பதினெட்டு வயதானதும் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8. இதற்கு அடிப்படையான 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு தொடர் வருகிறது: ஆர்டினரிலி ரெசிடென்ட். அதாவது ஒரு தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர். சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதை விளக்கும்போது இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் குடியிருப்பவர் இல்லை என்றும் ஆகிவிடாது. வேறு துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்துவிட்டு வரும் மீனவருக்கும், சில மாதம் செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பத்துக்கும் இந்த இரண்டாவது வாக்கியம் எவ்வளவு முக்கியம்! 921-இல் சொந்த மனையில் வீடு இல்லாதவர் பெயர் குடத்துக்கு வெளியே நின்றது. இன்றைய சட்டம் வீடு இருக்கிறதா என்று கேட்கவில்லை, எங்கே வாழ்கிறாய் என்று கேட்கிறது. இந்த வித்தியாசத்தை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொண்ட பிள்ளை, தன் வீட்டுக்காரர்களின் பெயர் பட்டியலில் விடுபட்டால் அலுவலகத்தில் போய்க் கேட்கும்.

தாள் தயாரிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பத்துச் சொல் வேண்டாம், ஐந்து போதும்: லாட், வோட், டெபாசிட், ரிசர்வ்டு, ரெசிடென்ட். மேயரை விட்டுவிட்டு உத்திரமேரூர்க் குடத்தையும் படிவம் 6-ஐயும் கொடுங்கள். சரியா தவறா பகுதியில் "உத்திரமேரூர் மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று ஒரு வரி போடுங்கள். விடைப் பக்கத்தில் 'தவறு' என்று அச்சிடுங்கள். ஏன் தவறு என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் பிள்ளைகள் எழுதட்டும், பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.